களிமண் தரையில் நாய்களுக்கான செயற்கைப் புல்: தோண்டுவதிலிருந்து கழுவுவது வரை

செயற்கைப் புல் போட்ட ஆறு மாதத்தில் நாற்றம் தொடங்கினால் பலரும் புல்லைத்தான் குறை சொல்கிறார்கள். தவறு பெரும்பாலும் அதற்கு அடியில் இருக்கிறது. மணற்பாங்கான மண்ணுக்கு ஏற்ற முறையைக் களிமண்ணில் அப்படியே செய்திருப்பார்கள்.

மணலில் தண்ணீர் நேராகக் கீழே இறங்கிவிடும். களிமண்ணில் இறங்காது. ஜல்லியைத் தாண்டிக் களிமண்ணைத் தொட்டதும் வாட்டம் உள்ள பக்கம் ஓடும், வாட்டம் இல்லையென்றால் அங்கேயே நிற்கும். களிமண்ணில் எட்டு அங்குலம் தோண்டினாலும் நான்கு அங்குலம் தோண்டினாலும் கிடைப்பது ஒரு தொட்டிதான். அதில் ஜல்லி கொட்டினால் ஜல்லி நிரம்பிய தொட்டி. நாயின் சிறுநீர் அதற்குள் போய்த் தேங்கி, வெயிலில் ஆவியாகி மேலே வரும். எனவே கீழே உள்ள எல்லாப் படிகளுக்கும் நோக்கம் ஒன்றுதான்: இறங்க முடியாத தண்ணீரைப் பக்கவாட்டில் வெளியேற்றுவது. புல் விரிப்பது கடைசி அரை நாள் வேலை.

1. முதலில் மண்ணைச் சோதியுங்கள்

தரையின் மேல்மண்ணை விட்டு, ஒரு சாண் ஆழத்து மண்ணை ஒரு பிடி எடுத்து நீர் தெளித்துப் பிசையுங்கள். அதைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடா போலத் தள்ளுங்கள். 5 செ.மீ. நீளத்துக்கு அறுந்து விழாமல் வந்தால் அது நல்ல களி. 2 செ.மீ.க்குள் அறுந்தால் வண்டல் அல்லது மணல் கலந்த மண், உங்கள் வேலை பாதியாகக் குறையும்.

அடுத்து நீர் இறங்கும் வேகம். 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழத்தில் ஒரு குழி எடுங்கள். மண்வெட்டி பட்ட இடத்தில் களிமண் மெழுகியதுபோல் பளபளக்கும். அந்த மெழுக்கே நீரைத் தடுக்கும் என்பதால் பக்கங்களை ஆணியால் கீறி விடுங்கள். குழியை நிரப்பி ஒரு இரவு விட்டு, மறுநாள் மீண்டும் நிரப்பி, ஒரு குச்சியில் குறி வைத்து ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். முதல் நாள் அளவை நம்ப வேண்டாம். காய்ந்த மண் வெடிப்புகள் வழியாக வேகமாகக் குடிக்கும், ஊறிய பிறகுதான் உண்மை தெரியும்.

மணிக்கு 25 மி.மீ.க்கு மேல் இறங்கினால் குழாய் இல்லாமலே சமாளிக்கலாம். அதற்குக் குறைந்தால் தாழ்ந்த ஓரத்தில் துளைக் குழாய் போடுவது நல்லது. 10 மி.மீ.க்கும் குறைந்தால் குழாய் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

2. தண்ணீர் எங்கே வெளியேறும் என்பதை முடிவு செய்யுங்கள்

பெரும்பாலானோர் தோண்டி முடித்த பிறகுதான் இதை யோசிக்கிறார்கள். அப்போது காலம் கடந்திருக்கும், ஏனென்றால் வெளிவாயின் உயரம்தான் மற்ற எல்லா உயரங்களையும் தீர்மானிக்கிறது.

இங்கே சொல்லும் முறையில் குழாயின் அடிப்பள்ளம் தரை மட்டத்திலிருந்து சுமார் 37 செ.மீ. கீழே முடியும். அதைவிடத் தாழ்வான இடம் ஒன்று பக்கத்தில் வேண்டும். மழைநீர் வடிகால், தாழ்ந்த பாத்தி, சரிவான தோட்ட ஓரம் எதுவானாலும் சரி. கிணற்றின் பக்கமோ, மீன் குளத்தின் பக்கமோ, கீரைப் பாத்தியின் பக்கமோ திருப்ப வேண்டாம். வருவது வெறும் மழைநீர் இல்லை. பொது வடிகாலில் இணைப்பதானால் அதற்கு அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாழ்வான இடமே இல்லையா? உறிஞ்சுகுழி வெட்டினால் போதும் என்று சொல்வார்கள். களிமண்ணில் வெட்டிய உறிஞ்சுகுழி இன்னொரு தொட்டி, முதல் பெருமழையில் நிரம்பி அப்படியே நிற்கும். அதற்கு இரண்டு மாற்றுகள் உண்டு. ஒன்று, தோண்டாமல் உயர்த்துவது: புல்லையும் வேரையும் மட்டும் சீவி எடுத்துவிட்டு, ஓரப்பலகை கட்டி ஜல்லியைத் தரைக்கு மேலே எழுப்புவது. மற்றொன்று, மூடி போட்ட சிறு தொட்டியில் நீரைச் சேர்த்து, மிதவை பொருத்திய மோட்டாரால் வெளியேற்றுவது. முதலாவது மேல். மோட்டார் என்றைக்காவது நிற்கும், நிற்பது அடைமழை நாளாகத்தான் இருக்கும்.

3. அளவுக் கணக்கு

எடுத்துக்காட்டுக்கு 5.8 மீட்டர் அகலம், 4.8 மீட்டர் நீளம் உள்ள இடத்தை வைத்துக்கொள்வோம். பரப்பு சுமார் 28 சதுர மீட்டர். வாட்டம் 4.8 மீட்டர் திசையில் ஓடுகிறது, குழாய் 5.8 மீட்டர் ஓரத்தில் படுக்கிறது.

- வெட்டி எடுக்கும் மண்: சராசரி 11 செ.மீ. ஆழம், சுமார் 3 கன மீட்டர். வெட்டிய களிமண் உப்பும், அள்ளும்போது 4 கன மீட்டராகத் தெரியும். அதைக் கொட்ட இடம் பார்த்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.
- 20 மி.மீ. ஜல்லி: 7.5 செ.மீ. கனத்துக்கு 2.1 கன மீட்டர். அமுங்குவதற்கும் சிந்துவதற்கும் 20 சதவீதம் கூட்டி, குழாய்ப் பள்ளத்துக்கு 0.3 சேர்த்தால் 2.8 கன மீட்டர், எடையில் சுமார் 4.2 டன்.
- 6 மி.மீ. சிப்ஸ் (பொடி ஜல்லி): 2.5 செ.மீ. கனத்துக்கு, கூடுதலோடு 0.8 கன மீட்டர், சுமார் 1.2 டன்.
- நெய்யப்படாத ஜியோடெக்ஸ்டைல் துணி (நீரை விட்டு மண்ணைத் தடுப்பது): ஓர மடிப்பும் மேற்கவிப்பும் சேர்த்து 38 சதுர மீட்டர்.
- 100 மி.மீ. துளைக் குழாய் 6 மீட்டர், வெளிவாய் வரை துளையில்லாத குழாய், ஒரு முழங்கை, ஒரு மூடி.
- 50 க்கு 50 மி.மீ. மறுசுழற்சி பிளாஸ்டிக் சட்டம் 22 மீட்டர், அதை நிறுத்த இரும்பு முளைகள்.
- புல்: 4 மீட்டர் அகலச் சுருளில் 5 மீட்டர், 2 மீட்டர் அகலச் சுருளில் 5 மீட்டர். இணைப்பு நாடா 5 மீட்டர், பாலியூரித்தேன் பசை.
- ஜியோலைட் மணிகள் (நெடியைப் பிடிக்கும் கனிமம்): சதுர மீட்டருக்கு 6 கிலோ வீதம் சுமார் 170 கிலோ.

ஜல்லியும் சிப்ஸும் தூள் இல்லாதவையாக இருக்க வேண்டும். வழக்கமான தளவேலைக்குத் தரும் தூள் கலந்த ஜல்லி நன்றாக இறுகும், அதனாலேயே இங்கே ஆகாது: அந்தத் தூள் நீரைப் பிடித்துவைத்து, காலப்போக்கில் சிமென்ட் போல இறுகிவிடும். லோடு இறங்குமுன் ஒரு பிடி அள்ளி வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கிப் பாருங்கள். தண்ணீர் பால்போலக் கலங்கினால் திருப்பி அனுப்புங்கள். ஆற்றுக் கூழாங்கல்லும் வேண்டாம். உருண்டைக் கல் ஒன்றோடொன்று பிடிக்காது, நாய் ஓடித் திரும்பும் இடத்தில் தரை நகரும்.

4. எந்தப் புல்

இழை உயரம் 25 முதல் 30 மி.மீ. போதும். 40 மி.மீ. புல் பார்க்க அழகு, ஆனால் மலத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும், ஓடும் தடத்தில் படுத்தும்விடும். அடியில் சுருண்ட பழுப்பு இழை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கழுவும்போது அழுக்கு சிக்கும் இடம் அதுதான்.

அடிப்புறத்தைப் பாருங்கள். சாதாரணப் புல்லில் சுமார் 10 செ.மீ.க்கு ஒரு துளை இருக்கும். இரண்டு துளைகளுக்கு நடுவே விழும் சிறுநீர் அடிப்புறத்தின் மேலேயே ஊர்ந்து துளையைத் தேட வேண்டும். முழுப் பரப்பும் நீர் விடும் அடிப்புறம் நாய்க்கு ஏற்றது. மாதிரித் துண்டின் மேல், துளை இல்லாத இடமாகப் பார்த்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினாலே வித்தியாசம் தெரிந்துவிடும். ஈயம் இல்லை என்ற சோதனைச் சான்றையும் கேட்டு வாங்குங்கள், குட்டிகள் இழையைக் கடிக்கும். மெத்தென்று இருக்க அடியில் நுரைத் தாள் போடச் சொல்வார்கள். அது சிறுநீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் பஞ்சு. வேண்டாம்.

5. தோண்டும் நாள்

களிமண் வேலையில் பாதி வெற்றி நாளைத் தேர்வதில் இருக்கிறது. மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். சிதறாமல் தட்டையாக அப்பிக்கொண்டால் ஈரம் அதிகம். கல்லாகக் கிடந்தால் மிகவும் காய்ந்திருக்கிறது. நான்கைந்து கட்டிகளாக உடைந்தால் அதுவே பதம்.

ஈரக் களியில் நடந்தால் ஒவ்வொரு காலடியும் ஒரு குழி, ஒவ்வொரு குழியும் பிறகு ஒரு குட்டை. வெடித்துக் காய்ந்த களியின் மேல் வேலை செய்தால் இன்னொரு தொல்லை: மழை வந்ததும் உப்பி, நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த மட்டத்தைத் தூக்கிவிடும். மிகவும் காய்ந்திருந்தால் இரண்டு நாள் முன்பே மெதுவாக நீர் விட்டு ஊறவிடுங்கள்.

தொடங்குமுன் மின்கம்பி, தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய் எங்கே போகின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். கடப்பாரை போடும் வேலை இது.

6. புல்லை எடுத்தல், வாட்டம் வெட்டுதல்

பழைய புல்லை வேரோடு 4 முதல் 5 செ.மீ. பத்தையாகச் சீவி எடுங்கள். அறுகு இருந்தால் வெண்ணிற வேர்த்தண்டைத் தொடர்ந்து போய் எடுக்க வேண்டும். கோரை இருந்தால் இன்னும் பொறுமை வேண்டும்: அதன் கிழங்கு ஒரு சாண் ஆழத்தில்கூட இருக்கும், முளை ஊசிபோலத் துணியையும் குத்தி வெளியே வரும். துணி தடுத்துவிடும் என்று விட்டால் அடுத்த மழைக்கு இழைகளுக்கு நடுவே இன்னொரு பச்சை தெரியும்.

இனி வாட்டம். 80 க்கு 1 என்பது நல்ல அளவு, அதாவது 4.8 மீட்டருக்கு 6 செ.மீ. வீட்டுச் சுவரிலிருந்து விலகியே ஓட வேண்டும். நான்கு மூலையிலும் முளை அடித்து, டியூப் லெவலால் (நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) சம மட்டம் குறித்து, தாழ்ந்த பக்க முளைகளில் 6 செ.மீ. இறக்கி நூல் கட்டுங்கள். நூலிலிருந்து ஒரே ஆழத்துக்கு மண்ணை வெட்டிக்கொண்டு போனால் வாட்டம் தானாக அமையும்.

இங்கேதான் புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். களிமண்ணைக் குத்துமதிப்பாக வெட்டிவிட்டு, ஜல்லியில் வாட்டம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். மேலே ரசமட்டம் வைத்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆனால் தண்ணீர் ஓடுவது ஜல்லியின் மேல் அல்ல, அடியில் உள்ள களிமண்ணின் மேல். அங்கே ஒரு சட்டி அளவு பள்ளம் இருந்தாலும் அது நாயின் சிறுநீர் நிரந்தரமாகத் தங்கும் கிண்ணம். எனவே துணி விரிக்குமுன் களிமண்ணின் மேல் ஒரு வாளித் தண்ணீரை மேட்டுப் பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள். எங்கே தேங்குகிறதோ அதற்குத் தாழ்ந்த பக்கத்தை இன்னும் சீவுங்கள். பள்ளத்தில் வெட்டிய மண்ணைப் போட்டு நிரப்ப வேண்டாம், அது மீண்டும் அமுங்கும்.

களிமண்ணை அதிர்வு இயந்திரத்தால் அமுக்க வேண்டாம். ஈரக் களியை அதிர வைத்தால் அடிநீர் மேலே ஏறி, தரை தயிர்போலத் தளும்பும். உதிரியாகக் கிடப்பதைத் திமிசுக் கட்டையால் ஒருமுறை தட்டினால் போதும். குதிகாலை ஊன்றித் திரும்புங்கள். ஒரு செ.மீ.க்கு மேல் பதிந்தால் அந்த இடம் மிருதுவாக இருக்கிறது. அதைத் தோண்டி எடுத்துவிட்டு ஜல்லியால் நிரப்பி, அந்தக் குழியிலிருந்து தாழ்ந்த பக்கம் வரை ஒரு சிறு வாய்க்கால் கீறி விடுங்கள். இல்லையென்றால் அதுவும் ஒரு கிண்ணம்.

இன்னொன்று. களிமண்ணைப் பதப்படுத்த மணலைக் கலக்கும் பழக்கம் உண்டு. கொஞ்சம் மணல் கலந்த களி செங்கல் வார்க்கத்தான் உதவும்.

7. துளைக் குழாய்

தாழ்ந்த ஓரத்தை ஒட்டி, ஓரச் சட்டத்துக்கு உட்புறமாக, 20 செ.மீ. அகலத்தில் பள்ளம் வெட்டுங்கள். தொடக்கத்தில் 20 செ.மீ. ஆழம், வெளிவாய்ப் பக்கம் 26 செ.மீ. ஆறு மீட்டருக்கு 6 செ.மீ. இறக்கம், அதாவது 100 க்கு 1.

பள்ளத்தில் முதலில் துணியை விரியுங்கள். இருபுறமும் தாராளமாகத் தொங்கட்டும். 5 செ.மீ. ஜல்லி, அதன்மேல் குழாய், துளைகள் கீழ்நோக்கி. துளை மேலே இருந்தால் உள்ளே நுழைவதற்கே நீர் பள்ளத்தில் அந்த உயரம்வரை நிரம்ப வேண்டும், வடிந்த பிறகும் அடியில் நின்றபடி இருக்கும். பிறகு குழாயைச் சுற்றியும் மேலேயும் ஜல்லி.

குழாயின் மேலேயே இறுக்கமாகத் துணியுறை மாட்டி விற்பதும் உண்டு. களிமண்ணில் அதன் சிறு பரப்பு நுண்துகளால் சீக்கிரம் அடைபடும். துணி பள்ளத்தின் சுவரில் இருந்தால் வடிகட்டும் பரப்பு பல மடங்கு.

மேட்டு முனையில் ஒரு முழங்கை போட்டுக் குழாயைத் தரைமட்டம் வரை ஏற்றி மூடி போடுங்கள். ஆண்டுக்கு இருமுறை அதில் தோட்டக் குழாயைச் செருகி நீர் பாய்ச்சினால் நாயின் முடியும் துகளும் வெளியே வந்துவிடும். வெளிவாயில் எலி நுழையாமல் ஒரு வலை. இந்த மூடியை விட்டுவிட்டுப் பிறகு புல்லைக் கிழித்துத் தேடுவது வழக்கமாக நடப்பதுதான்.

8. துணி, ஓரச் சட்டம், ஜல்லி

நெய்யப்படாத ஜியோடெக்ஸ்டைல் துணியைக் களிமண்ணின் மேல் விரியுங்கள். ஒன்றன்மேல் ஒன்று 30 செ.மீ. கவிய வேண்டும், மேட்டுப் பக்கத் துண்டு தாழ்ந்த பக்கத் துண்டின் மேலே வருமாறு, ஓடு வேய்வதுபோல. குழாய்ப் பள்ளத்தின் வாயைத் துணியால் மூடிவிட வேண்டாம், தண்ணீர் ஜல்லியிலிருந்து ஜல்லிக்கு நேராகப் போகட்டும். இந்தத் துணி களைக்காக மட்டும் அல்ல. துணி இல்லையென்றால் நடமாட்டத்தில் ஜல்லி களிக்குள் புதையும், களி ஜல்லிக்குள் பிதுங்கி ஏறும். சில மழைக்காலத்தில் ஜல்லிப் படுக்கை மெலிந்துவிடும்.

நெய்த பிளாஸ்டிக் களைவிரிப்பு இதற்கு மாற்று அல்ல. ஜல்லிக்கு மேலே, புல்லுக்கு நேர் அடியில் இன்னொரு விரிப்பும் வேண்டாம். நாய் இல்லாத தோட்டத்தில் அது பாதகமில்லை. இங்கே சிறுநீரைத் தடுத்து நிறுத்தி நாறவைக்கும் முதல் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

சட்டத்தை நான்கு பக்கமும் வையுங்கள். அதன் மேல்முகம் சிப்ஸ் மட்டத்தோடு சமமாக இருக்க வேண்டும், புல் அதன்மேல் திருகப்படும். முக்கால் மீட்டருக்கு ஒரு இரும்பு முளையைக் களிமண்ணுக்குள் 30 செ.மீ. இறக்கி அதோடு பிணையுங்கள். மரச்சட்டமும் போடலாம்தான், ஆனால் ஆண் நாய் கால் தூக்குவது ஓரத்தில்தான். மரம் அதை உறிஞ்சிக்கொள்ளும். சட்டம் எதற்கு, நேராக ஜல்லியில் ஆணி அடித்தால் போதாதா என்றால், போதாது. தூள் இல்லாத ஜல்லி ஆணியைப் பிடிக்காது. தோண்டும் பழக்கமுள்ள நாய் ஒரே மாதத்தில் மூலையைத் தூக்கிவிடும்.

ஜல்லியை 7.5 செ.மீ. பரப்பி, பிளேட் காம்பாக்டரால் (தட்டு அதிர்வு இயந்திரம்) நெடுக்கில் இரண்டுமுறை, குறுக்கில் இரண்டுமுறை ஓட்டுங்கள். தூள் இல்லாத ஜல்லி பெரிதாக அமுங்காது, கற்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், அவ்வளவுதான். குதிகாலைத் திருகினால் கல் புரளாமல் இருந்தால் போதும்.

இப்போது மேட்டு ஓரத்தில் தண்ணீர் விடுங்கள். முதல் சில வாளிகளைக் காய்ந்த கல் குடித்துவிடும். அதற்குப் பிறகு ஊற்றுவது சில நிமிடங்களில் வெளிவாயில் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் இன்றே பிரித்துப் பாருங்கள். பிரிப்பது கடினமில்லாத கடைசிக் கட்டம் இது.

9. சிப்ஸ் படுக்கை

25 மி.மீ. குழாய்த் துண்டுகள் இரண்டைத் தண்டவாளம்போல வைத்து, நடுவே சிப்ஸைக் கொட்டி, மட்டப்பலகையால் இழுங்கள். குழாயை எடுத்த தடத்தைக் கையால் நிரப்புங்கள். காம்பாக்டரை ஒருமுறை ஓட்டிவிட்டு, 2 மீட்டர் பலகையைப் பல திசையில் வைத்துப் பாருங்கள். அடியில் 5 மி.மீ.க்கு மேல் வெளிச்சம் தெரிந்தால் சரிசெய்யுங்கள். புல் மறைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம், மாலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு பள்ளமும் தெரியும்.

மணலோ எம்சாண்டோ இங்கே வேண்டாம். பரப்ப எளிது, மட்டம் அழகாக வரும், ஆனால் மணல் ஈரத்தை நுண்துளைகளில் பிடித்து நிறுத்தும். அந்த ஈரம் எது என்பதுதான் பிரச்சினை.

10. விரித்தல், வெட்டுதல், இணைத்தல்

சுருளைப் பிரித்து இரண்டு மூன்று மணி நேரம் வெயிலில் கிடக்க விடுங்கள். மடிப்பு நீங்கும், பிளாஸ்டிக் தன் அளவுக்கு வரும். குளிர்ந்த புல்லை அளவெடுத்து வெட்டினால் மதிய வெயிலில் அலையடிக்கும்.

இழை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். இரண்டு துண்டுகளும் ஒரே பக்கம் சாய வேண்டும், நீங்கள் வழக்கமாக நின்று பார்க்கும் இடத்தை நோக்கி. ஒன்றை மாற்றிப் போட்டால் இரண்டு வேறு நிறப் புல் வாங்கியதுபோலத் தெரியும். நான்கு ஓரமும் 5 செ.மீ. மிச்சமாக விரித்து, பிறகு வெட்டுங்கள்.

வெட்டுவது எப்போதும் அடிப்புறத்திலிருந்து, இரண்டு தையல் வரிசைகளுக்கு நடுவே. கத்தி நுனி மட்டும் இறங்கட்டும், ஆழமாக அழுத்தினால் இழைகள் அறுந்து ஓரம் மொட்டையாகும். ஒவ்வொரு 3 மீட்டருக்கும் பிளேடை மாற்றுங்கள். மழுங்கிய பிளேடு வெட்டாது, கிழிக்கும்.

இணைப்பு வாட்டத்தின் திசையிலேயே ஓட வேண்டும், நாய் வழக்கமாக ஒதுங்கும் மூலைக்குத் தள்ளி. பசையும் நாடாவும் உள்ள 30 செ.மீ. பட்டையில் நீர் இறங்காது. சுருளின் விளிம்பில் இழையில்லாத பட்டையையும், அதற்கு அடுத்த இரண்டு மூன்று தையல் வரிசைகளையும் வெட்டி நீக்குங்கள். இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் வைத்து, நடு இடைவெளி அந்தப் புல்லின் தையல் வரிசைகளுக்கு இடையே உள்ள இடைவெளியாகவே இருக்கிறதா என்று நீளம் முழுதும் பாருங்கள். நெருக்கினால் மேடாகப் புடைக்கும், விலக்கினால் வகிடு எடுத்ததுபோலத் தெரியும்.

சரியாக இருந்தால் இரண்டு விளிம்பையும் மடித்துவிட்டு, நடுவில் நாடா, அதன்மேல் பசை. பாலியூரித்தேன் பசைதான் வேண்டும், நீர் கலந்த பசை எப்போதும் நனையும் இடத்தில் நிற்காது. விளிம்புகளைத் திருப்பிப் போடும்போது இழைகள் பசையில் சிக்காமல் விரலால் பிரித்து விடுங்கள். மேலே மணல் மூட்டைகளை வரிசையாக வைத்து, 24 மணி நேரம் நாயை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

ஓரத்தில் 10 செ.மீ.க்கு ஒரு துருப்பிடிக்காத திருகு, மூலைகளில் 5 செ.மீ.க்கு ஒன்று. திருகுமுன் இழைகளை விலக்கிக்கொள்ளுங்கள். திருகுகளை எண்ணி எடுத்து, எண்ணி முடியுங்கள். ஒன்று குறைந்தால் தேடி எடுத்த பிறகே நாயை விடுங்கள்.

11. ஜியோலைட்

சிறுநீரில் உள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அமோனியாவாக உடைக்கின்றன, மூக்கை அடைக்கும் நெடி அதுதான். ஜியோலைட் என்பது எதிர்மின் ஏற்றமுள்ள நுண்துளைக் கனிமம், அமோனியம் அயனியைப் பிடித்து வைக்கும். நிரம்பிய பிறகு பிடிக்காது. கழுவும் நீரில் சோடியம் போன்ற அயனிகள் மிகுதியாக இருந்தால் அமோனியத்தை விட்டுவிட்டு அவற்றைப் பிடித்துக்கொண்டு, மீண்டும் வேலைக்குத் தயாராகும். மணலுக்கு இந்தக் குணம் இல்லை.

1 முதல் 3 மி.மீ. மணிகளாக, காய்ந்த நாளில், காய்ந்த புல்லில் போடுங்கள். முகத்துக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள், தூசி பறக்கும். மொத்தத்தை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தூவி, இழை சாய்வுக்கு எதிராக விறைத்த துடைப்பத்தால் தள்ளுங்கள். ஒரே மூச்சில் கொட்டினால் இழைகள் மணிக்கு அடியில் சிக்கி, பிறகு எழவே எழாது. இழை உயரத்தில் மூன்றில் ஒரு பங்குவரை வந்தால் போதும்.

12. கழுவுதல்

மலத்தை அன்றன்றே எடுத்துவிடுங்கள். மழை இல்லாத நாட்களில், ஒதுங்கும் இடத்தை இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது நீர் விட்டுக் கழுவுங்கள். மேலாகத் தெளித்தால் சிறுநீர் ஜல்லிவரை இறங்கி அங்கே தங்கிவிடும், நெடி கூடும். எவ்வளவு நீர் என்றால், வெளிவாயில் சொட்டத் தொடங்கும்வரை.

நொதி கலந்த கழுவுதிரவத்தை வாரம் ஒருமுறை பயன்படுத்தலாம். உடனே அலசிவிட வேண்டாம், குப்பியில் சொன்ன நேரம் ஈரமாகவே இருக்கட்டும். பிளீச்சிங் திரவம் கூடவே கூடாது: நொதியைக் கெடுக்கும், சிறுநீரின் அமோனியாவோடு சேர்ந்து குளோரமின் என்ற நச்சுவாயுவையும் உண்டாக்கும்.

கோடை மதியத்தில் புறங்கையைப் புல்லில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லையென்றால் நாயின் பாதத்தாலும் முடியாது. நீர் தெளித்தால் குளிரும், ஆனால் சற்று நேரத்துக்குத்தான். நிழல் இல்லாத இடமானால் ஒரு பந்தலை முதல் திட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

13. கோளாறு தெரிந்தால்

மழை பெய்த மறுநாள் மட்டும் நாறினால், அடியில் எங்கோ தேக்கம். மூடியைத் திறந்து குழாயில் நீர் பாய்ச்சுங்கள். வெளிவாயில் தடையில்லாமல் வந்தால் குழாய் சரி, களிமண்ணில் கிண்ணம் இருக்கிறது. அந்தப் பகுதி ஓரத்தை மட்டும் கழற்றி, ஜல்லியை ஒதுக்கி, தாழ்ந்த பக்கம் நோக்கி வாய்க்கால் கீற வேண்டும்.

மழையோடு தொடர்பில்லாமல் ஒரே மூலை நாறினால், அங்கே ஜியோலைட் நிறைந்துவிட்டது. முதலில் ஒரு வாளி நீரில் இரண்டு பிடி உப்பைக் கரைத்து அந்த இடத்தில் ஊற்றி, அரை மணி கழித்து நிறைய நல்ல நீரால் அலசுங்கள். தேறவில்லையென்றால் அந்த ஒரு சதுர மீட்டரில் மட்டும் மணிகளை உறிஞ்சி எடுத்துப் புதிதாகப் போடுங்கள். உப்புநீர் வெளிவாயில் எந்தச் செடியின் வேரில் போய் விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நடக்கும்போது மெத்தை போல அமுங்கினால் களி ஜல்லிக்குள் ஏறிவிட்டது, துணி கிழிந்திருக்கலாம் அல்லது கவிப்பு போதாமல் விலகியிருக்கலாம். அந்த இடத்தைத் திறந்து புதுத் துணி போடுவதைத் தவிர வழியில்லை.

கோடையில் சட்டத்துக்கு வெளியே களிமண் சுருங்கி, விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். சிமென்ட் கலவையால் அடைக்க வேண்டாம். மழையில் மண் உப்பும்போது அந்தச் சிமென்ட் சட்டத்தை உள்ளே தள்ளும், புல் நடுவில் மேடு கட்டும். மிச்சம் வைத்திருந்த 6 மி.மீ. சிப்ஸைத் தளர்வாகப் போட்டு நிரப்புங்கள். அரை மூட்டை சிப்ஸை முதலிலேயே எடுத்து வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.